சிறு கனிமம்

வெடி வைப்பதற்கு முன்னால் சங்கு ஊத வேண்டும். அன்றைக்கு ஊதினார்களா இல்லையா என்று எருக்கம்பட்டில் இன்றைக்கும் இரண்டு பேச்சு இருக்கிறது. ஊதியிருந்தாலும் கமலத்தின் காதில் விழுந்திருக்காது. டி.வி. சத்தத்தை ஏற்றி வைத்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து, மடியில் முறத்தோடு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். ஊரை ஒட்டிய ஓணாங்கரட்டுக் கல்குவாரியிலிருந்து கிளம்பிய குடம் அளவுக் கல் ஒன்று இரண்டு வீட்டுக் கூரைகளைத் தாண்டி வந்து அவளுடைய வலது முழங்காலுக்குக் கீழே இறங்கியது.

பக்கத்து வீட்டு தேவகிக்கு அன்றைக்குக் கம்பெனி லீவு. துணி அலசிக்கொண்டிருந்தவள் சத்தம் கேட்டு ஓடிவந்தாள். முறம் ஒரு பக்கம், பீடி இலை ஒரு பக்கம். கமலம் கத்தக்கூட இல்லை. “தேவகி, காலு மரத்துப் போச்சு பாரு, கொஞ்சம் தூக்கி விடேன்” என்றாள். தேவகி குனிந்து பார்த்தாள். தூக்கி விடுவதற்கு அங்கே கால் என்று எதுவும் முழுசாக இல்லை. தன் முந்தானையைக் கிழித்துக் கட்டி, ஆட்டோவில் ஏற்றி, மடியில் அவள் தலையை வைத்துக்கொண்டு வேலூர் வரைக்கும் போனாள். ஆஸ்பத்திரியில் முழங்காலோடு எடுத்துவிட்டார்கள்.

தேவகி ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கிற செக்‌ஷனில் லைன் சூப்பர்வைசர். பதினேழு வயதில் அந்தக் கம்பெனி பஸ்ஸில் ஏறியவள். அம்மா செத்துப்போய், தம்பி ஜீவா அரை டிராயரோடு நின்றபோது ஏறினாள். அவனைப் பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கவைத்தாள். தனக்குக் கல்யாணம் பேச வந்தவர்களிடம், “என் தம்பியும் என்கூடத்தான் இருப்பான்” என்று சொல்லித்தான் சம்மதித்தாள். கட்டிக்கொண்ட சுப்பராயன் நல்ல மனுஷன், நிலக்கடலையும் நாலு ஆடுமாக இருப்பவன். ஜீவாவைத் தன் பிள்ளை மாதிரியே வைத்துக்கொண்டான். பிறகு ஜீவா ஆம்பூர்ப் பெண் ஹெலனைக் காதலித்துக் கட்டிக்கொண்டு, அதே தெருவில் தனியாகக் குடியிருந்தான். கட்டட வேலைகளுக்கு சைட் பார்க்கப் போவான். ஒரு மாதம் வேலை இருக்கும், இரண்டு மாதம் இருக்காது.

கமலத்தை ஆஸ்பத்திரியில் விட்டு வந்த மறுநாள், ஜீவாதான் முதலில் சொன்னான். “இத்தோட விடக்கூடாதுக்கா. ஸ்கூல் செவுரு பொளந்துச்சு, பேசாம இருந்தோம். போர்ல தண்ணி எறங்கிப்போச்சு, பேசாம இருந்தோம். இப்ப ஆளே போயிருக்கும்.”

விடியும் முன்னே பெண்கள் குவாரி ரோட்டில் போய் உட்கார்ந்தார்கள். தேவகி நடுவில். ஜல்லி ஏற்ற வந்த டிப்பர்கள் ஏரிக்கரை வரைக்கும் வரிசையாக நின்றன. ஜீவா ஒரு டிரம்மின் மேல் ஏறி நின்று பேசினான். அவனுக்கு இப்படிப் பேச வரும் என்று தேவகிக்கே தெரியாது. “எங்க மலைய ஒடச்சு எக்ஸ்பிரஸ் ரோடு போடுறாங்க. அந்த ரோட்டுல நம்ம ஊருக்கு எறங்க வழி இருக்குதா? கேட்டுச் சொல்லுங்க!” என்றான். பெண்கள் கைதட்டினார்கள். தேவகிக்குக் கண் நிறைந்துவிட்டது. எதிரில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, “உன் தம்பியா இவன்?” என்று கேட்டபோது, “நான் வளர்த்த புள்ள” என்றாள்.

வெயில் ஏறிய பிறகு குவாரி முதலாளி கோதண்டபாணி காரில் வந்தார். வேலூர் சத்துவாச்சாரியில் வீடு; வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. செருப்பைக் கழற்றிவிட்டுப் பெண்களுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். 

“நடந்தது தப்புதாம்மா. அந்தம்மாவ நான் பார்த்துக்கிறேன். கரட்டுக்குக் கிழக்குப் பக்கமும் லீஸ் கேட்டிருக்கேன். அதுக்கு அரசாங்கமே கருத்துக் கேட்புக் கூட்டம் வைக்கும். வேணாம்னா அங்க வந்து வேணாம்னு சொல்லுங்க. நான் கட்டுப்படுறேன்.”

“சொல்லத்தான் போறோம், மொதலாளி” என்றாள் தேவகி.

“சொல்லுங்கம்மா” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. கம்பெனியில் மானேஜர் அமீர் பாஷா ஒருநாள் கூப்பிட்டு, “தேவகிம்மா, எங்கிருந்தோ ஃபோன் வந்துச்சு. உங்க லைன்ல ரிஜெக்‌ஷன் கம்மி, உங்கள நான் விட மாட்டேன். ஆனா எனக்குப் பேஜாரு வேணாம், பார்த்துக்கோங்க” என்றார். அவள் தலையை ஆட்டிவிட்டு மெஷினுக்குத் திரும்பினாள். தம்பி பக்கத்தில் இருக்கும்போது யார் ஃபோன் பண்ணினால் என்ன?

சில வாரங்களாகவே ஜீவா வீட்டுக்கு வருவது குறைந்திருந்தது. கேட்டால், “கலெக்ட் பண்ணினு இருக்கேன்கா. வெடி வைக்கிற வீடியோ, செவுரு பொளந்த ஃபோட்டோ, எல்லாம் என் ஃபோன்ல இருக்குது. கூட்டத்துல பெருசா போட்டுக் காட்டப்போறேன்” என்பான். அவள் நம்பினாள். நம்பாமல் இருக்க அவளுக்கு ஒரு காரணமும் இல்லை.

கூட்டத்தை எருக்கம்பட்டில் வைக்கவில்லை. ஹைவே ஓரம் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். வாசலில் கூட்டத்துக்கு வந்தவர்களை ஒருவன் ரோஜாப்பூ கொடுத்து வரவேற்றான். பின்பக்கம் அடுப்பு எரிந்து பிரியாணி வாசனை ஹால் முழுக்கச் சுற்றியது. தெரியாத முகங்கள் நிறைய. பஸ் வைத்துக் கூட்டி வந்திருந்தார்கள். தேவகி வாசலையே பார்த்துக்கொண்டு ஜீவாவின் நம்பரை அடித்தாள். ஸ்விட்ச் ஆஃப். திரும்பவும் அடித்தாள்.

குவாரி தரப்பில் கோட்டு போட்ட ஒருவர் திரையில் படம் காட்டிப் பேசினார். இந்தியா எவ்வளவு பெரிய நாடு, அதன் மண்ணுக்கடியில் எத்தனை வளம் இருக்கிறது என்று ஆரம்பித்தார். இரும்பு, நிலக்கரி, பாக்சைட், குரோமைட். தோல் பதனிடுகிற குரோம்கூட எங்கேயோ ஒரு சுரங்கத்திலிருந்து வருவதுதான், அது இல்லாவிட்டால் ஆம்பூர் இல்லை என்றார். அது உண்மைதான் என்று தேவகிக்குத் தோன்றியது. அந்தச் சுரங்கத்துப் பக்கத்திலும் ஒரு ஊர் இருக்கும், அங்கேயும் ஒருத்தி வாசலில் உட்கார்ந்திருப்பாள் என்றும் தோன்றியது. அதை அதுவரை அவள் நினைத்ததே இல்லை. “அதோட ஒப்பிட்டா இந்தக் கரடு ஒண்ணுமே இல்லீங்க. சட்டத்துல இதுக்குப் பேரே சிறு கனிமம்” என்று அவர் முடித்தார்.

பேச விரும்புகிறவர்களைக் கூப்பிட்டார்கள். தெரியாத முகங்கள் ஒவ்வொன்றாக வந்து, குவாரி வந்தால் வேலை கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போயின. பிறகு கமலத்தைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். புதுப்புடவை கட்டியிருந்தாள். “எனக்கு ஒரு கொறையும் இல்ல சார். ஆஸ்பத்திரி செலவு பார்த்தாங்க. என் பையனுக்குக் குவாரி எடைமேடையில வேல போட்டுக் குடுத்திருக்காங்க. குவாரி நடக்கட்டும்” என்றாள். பேசி முடிக்கும்வரை தேவகியின் பக்கம் திரும்பவே இல்லை.

தேவகிக்குக் கமலத்தின் மேல் கோபம் வரவில்லை. போன காலுக்கு ஒரு வேலையாவது வந்ததே என்றிருந்தது. எழுந்து மைக்கிடம் போனாள். எழுதி வைத்ததெல்லாம் ஜீவாவிடம் இருந்தது. கையில் ஒன்றுமில்லை.

“சார், நான் அதிகம் படிக்கல. சிறுசுன்னு சொன்னீங்க. எங்க ஊர்ல இருக்கிறதுலயே பெருசு அதுதான் சார். கோயிலு அதவிடச் சின்னது, ஸ்கூலு அதவிடச் சின்னது. அது மேல விழுற மழதான் ஏரிக்கு வருது. அத எடுத்துட்டா வேற பெருசு எதுவும் எங்களுக்கு இல்ல. வேணாம் சார்.”

பஸ்ஸில் வந்த கூட்டமே பலமாகக் கை தட்டியது. கூட்டம் நடத்திய அதிகாரி, “நல்லா பேசினீங்கம்மா, பதிவு பண்ணிட்டோம்” என்றார். தட்டிய கையோடு எல்லோரும் எழுந்து பிரியாணிக்குப் போனார்கள்.

அவள் சாப்பிடாமல் வெளியே வந்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை நிழலில் புது டிப்பர் ஒன்று நின்றது. மாலை போட்டு, குங்குமம் வைத்து, முன்னும் பின்னுமாக நான்கு டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். முகப்புக் கண்ணாடிக்கு மேலே மஞ்சள் எழுத்தில் ‘தேவகி’ என்று எழுதியிருந்தது. யாரோ வேறு தேவகி என்று நினைத்து இரண்டடி தாண்டிப் போய்விட்டாள். பின்னால், “அக்கா” என்று கேட்டது.

ஜீவா டீக்கடையிலிருந்து இறங்கி வந்தான். 

“இன்னாடா இது?”

“எடுத்திருக்கேன்கா. நாளைலருந்து ஓட்டம். லோனுக்குக் கோதண்டபாணி சார்தான் ஜாமீன் போட்டாரு.”

“நான் உள்ள உனக்கு ஃபோன் அடிச்சிக்கினே இருந்தேன்.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“நான் வந்து பேசியிருந்தா மட்டும் நிறுத்திடுவாங்களாக்கா? கரடு போறது போறதுதான். எவனோ வெளியூர்க்காரன் வந்து லாரி ஓட்டுவான். அந்த லாரி நம்மளுதா இருக்கட்டுமேன்னு பார்த்தேன்.”

“அந்த வீடியோ?”

அவன் ஃபோனைப் பாக்கெட்டுக்குள் தள்ளினான்.

“சரிடா. லாரி எடுத்த. அதுக்கு என் பேரு எதுக்கு?”

“வேற யாரு பேர வைப்பேன்? என்னை வளர்த்தது யாரு?” என்றான். சொல்லும்போதே அவன் கண் கலங்கியது.

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவன் நடிக்கவில்லை. நடித்திருந்தால் அந்த இடத்திலேயே ஓர் அறை விட்டு, தலைமுழுகிவிட்டுப் போயிருப்பாள். குனிந்து, முன் டயருக்குக் கீழே இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து ரோட்டுக்கு வீசினாள். அடுத்த டயருக்குப் போனாள். நான்கையும் எடுத்து வீசிவிட்டு, வருகிற பஸ்ஸுக்குக் கையைக் காட்டினாள். 

லீஸ் கிடைத்துவிட்டது. கிழக்குப் பக்கமும் உடைக்க ஆரம்பித்தார்கள். சங்கு இப்போது தவறாமல் ஊதுகிறார்கள். கரடு முதலில் ஒரு பக்கம் சரிந்த பானை மாதிரி ஆயிற்று. பிறகு தெருவில் நின்றால் அதற்குப் பின்னால் இருந்த வானம் தெரிந்தது. ஜீவா இரண்டாவது டிப்பரும் எடுத்தான். தேவகி அவனோடு பேசவில்லை. ஹெலன் மட்டும் எப்போதாவது கறிக்குழம்பு கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போவாள். சுப்பராயன் அதைச் சாப்பிடுவான். தேவகி தொடமாட்டாள்.

மகள் அம்பிகாவுக்கு ஆற்காட்டில் மாப்பிள்ளை முடிவானது. பெண் வீட்டில் தாய்மாமன் வந்து நிற்காத கல்யாணத்தை ஊர் என்ன சொல்லும் என்று சுப்பராயன் சுற்றிச் சுற்றி வந்தான். கடைசியில் அம்பிகாவே, “மாமா இல்லாம நான் மணையில உட்கார மாட்டேன்மா” என்றாள். தேவகி தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை வைத்துக்கொண்டு போனாள். 

ஜீவா வீடு மாடி வைத்துக் கட்டியிருந்தான். அவள் நடையில் ஏறும்போது சங்கு ஊதியது. உள்ளே ஹெலன் ஓடிப்போய்ச் சோற்றுப் பானையை மூடுவது கேட்டது. வெடித்தது. புது வீட்டு ஜன்னல் கண்ணாடி கொஞ்ச நேரம் நடுங்கிவிட்டு நின்றது.

“உங்க வீட்லயும் ஆடுதா?” என்றாள். இத்தனை நாள் கழித்து அவனிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

“ஆடத்தாங்கா செய்யும்” என்றான் ஜீவா.

“அம்பிகா கல்யாணம். மாமனா வந்து நில்லு. ஆனா அந்த லாரிய மண்டபத்துப் பக்கம் எடுத்துனு வராத.”

“வரமாட்டேன்கா.”

ஆனால் கல்யாணத்துக்கு முதல்நாள் சாயங்காலம் சமையல்காரரின் வேன் மாதனூர்ப் பக்கம் பழுதாகிப் படுத்துவிட்டது. அண்டா, குண்டான், அரிசி மூட்டை எல்லாம் ரோட்டோரம். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்குகிற நேரம். ஜீவா ஒரு ஃபோன் போட்டான். கொஞ்ச நேரத்தில் டிப்பர் மண்டப வாசலில் வந்து நின்றது. கழுவி எடுத்து வந்திருந்தார்கள், ஆனாலும் இடுக்கில் கல் தூசி. அண்டாக்கள் கடகடவென்று இறங்கின. இறக்குகிறவர்களுக்கு நடுவே ஜீவா பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வியர்க்க வியர்க்க நின்றான்.

சம்பந்தியம்மா கையில் ஆற்காட்டு இனிப்பான மக்கன்பேடா டப்பாவோடு வாசலில் நின்று லாரியின் நெற்றியைப் படித்தாள்.

“உங்க பேரா அது? பரவால்லயே சம்பந்தி, ஷூ கம்பெனின்னு மட்டும்தான் சொன்னீங்க. லாரியும் ஓடுதா? இன்னும் எத்தன இருக்குது?”

தேவகி லாரியைப் பார்த்தாள். இல்லை என்று சொன்னால் வாசலில் வேர்த்து நிற்கிற தம்பியை இல்லை என்று சொல்ல வேண்டும். ஆமாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. 

“உள்ள வாங்க சம்பந்தி, தூசு படும்” என்று அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.