காலியாக விட்ட முதல் அடி

டீ போட பிளக் தேடிய பேஸ் கிட்டார்காரர், ரெக்கார்டிங் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். கெட்டில் முனகத் தொடங்கியது, திரை இருண்டது. காலையிலிருந்து சவுண்ட் இன்ஜினியர் ஒவ்வொன்றாக ஒட்டிவைத்த டிரம் அடிகள் அத்தனையும் போய்ச் சேர்ந்தன.

"சேவ் பண்ணியிருப்பீங்கதானே?" என்று கேட்டார். இன்ஜினியர் பார்த்த பார்வைக்குக் கெட்டிலே தேவையில்லை.

அவர் ஒட்டியதெல்லாம் ஒவ்வொரு நாலடித் தாளச் சுற்றின் முதல் அடி. ஊரே ஓங்கி அடிக்கிற அந்த அடியை, ஜமைக்காவிலிருந்து வந்த ரெகே இசையில் டிரம்மர் காலியாக விட்டுவிடுவார்; பாரமெல்லாம் மூன்றாவதில்தான் விழும். நாற்காலி இருக்கிறதென்று நம்பி உட்காரப் போனவர்போல, கேட்பவர் ஒரு கணம் அந்தரத்தில் நிற்பார். அதுதான் சுகம்.

இந்த ரெகே குழுவின் டிரம்மர், பேஸ்காரரின் தங்கை. கீபோர்டு, தங்கை புருஷன். கல்யாண வீடுகளில் வாசித்த காலத்தில், "அந்தப் பொண்ணுக்கு ஒரு காப்பி குடுங்கப்பா, நடுநடுவே தூங்கிடுது" என்றவர்கள் உண்டு. அந்தத் தூக்கத்துக்குத்தான் போன வருடம் சிறந்த இசைக்குழு விருது கிடைத்தது. விருதை மோப்பம் பிடித்து வந்த ரெக்கார்டு கம்பெனி ஆல்பம் போடுகிறோம் என்றது. ஆனால் ஒரு நிபந்தனை: முதல் அடி விழுந்தாக வேண்டும்.

வேன் தன்னுடையது என்பதால் தலைவராகிவிட்ட பேஸ்காரர், சம்மதமா என்று இருவரையும் ஒரு வாரமாகக் கேட்டுப் பார்த்தார். தங்கை, "நீதானே அண்ணன், நீயே சொல்லு" என்று நழுவினாள். புருஷன்காரன், "என்னை விட்டுடுங்க மச்சான். அவ கையில சோறு, உங்க கையில வேன்" என்றான். சரி, கம்ப்யூட்டர்தானே ஒட்டப்போகிறது என்று பேஸ்காரரே கம்பெனிக்குத் தலையாட்டி வைத்தார். ஆல்பம் அட்டையில் தான் நடுவில் நிற்பதாக ஏற்கெனவே கனவும் கண்டாகிவிட்டது. கனவில் தலையில் முடிகூட இருந்தது.

கம்பெனி மேனேஜர் ஓடிவந்தார். "போனது போகட்டும். மேடம், நீங்களே அடிச்சிடுங்க. ஒரே அடிதானே? இல்லேன்னா ஆல்பமும் இல்ல."

தங்கை வாசித்தாள். முதல் அடி காலி. மேனேஜர் கையை உயர்த்தி நிறுத்தினார். மறுபடி வாசித்தாள்; மறுபடியும் காலி. மூன்றாம் முறை மேனேஜரே காலைத் தட்டி இடம் காட்டப்போய், தாளம் தப்பி நின்றார்.

"அண்ணன்காரரே, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க!"

பேஸ்காரர், தங்கை டிரம்மோடு உட்கார்ந்திருந்த கண்ணாடி அறைக்குள் போனார். சொல்வதெல்லாம் மேனேஜர் காதில் விழட்டும் என்று மைக்கைத் திறந்தே வைத்தார்.

"மனசுல இருக்கறதைச் சொல்லித் தொலைம்மா. அடிப்பியா, மாட்டியா?"

தங்கை குச்சிகளை மடியில் வைத்தாள்.

"மாட்டேன். ஆல்பம் வராட்டி போகட்டும். இதுக்கு நீ தலையாட்டினா, இந்த டிரம்மையும் நீயே வாசிச்சுக்கோண்ணே. நான் வேற பேஸ்காரனைப் பாத்துக்கறேன்."