ஒன்பதாவது ஷரத்து

கணவன் சேஷனின் கட்டுரையை நான்கு கார்பன் பிரதிகளோடு டைப் அடித்து முடித்தபோது, நாடுகள் ஏன் கூட்டுச் சேர்கின்றன என்பது வைதேஹிக்கு மனப்பாடமாகியிருந்தது. எழுபத்தொன்றாம் வருஷம், ஆகஸ்ட் மாதம். சோவியத் யூனியனோடு ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பாதுகாப்பு அமைச்சகத்தில் அசிஸ்டென்டாக இருந்த சேஷன், சரோஜினி நகர்த் தமிழர்களின் வாசகர் வட்டத்தில் அதைப் பற்றிப் பேசுவதாக இருந்தான்.

ஒன்பதாவது ஷரத்துதான் அவன் கட்டுரைக்கு உயிர். இரண்டு நாடுகளில் ஒன்றுக்கு ஆபத்து வந்தால், இரண்டும் உடனே கலந்து ஆலோசிக்கும்.

"ரஷ்யாக்காரா நமக்காகச் சண்டைக்கு வருவாளோ?" என்று கேட்டாள் வைதேஹி.

"அப்படி எழுதலை. வருவாளா மாட்டாளான்னு எதிராளி யோசிக்கணும். யோசிச்சாலே நமக்குப் பாதி ஜெயம்."

தன் கணவனே ஒரு ஒன்பதாவது ஷரத்து என்று அவளுக்குத் தோன்றியது. லோதி ரோடு தமிழ்ப் பள்ளியில் டைப்பிஸ்ட் வேலைக்கு அவளுக்கு உத்தரவு வந்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். மாயவரத்திலிருந்து வந்து மூன்று வாரமாகத் தங்கியிருந்த சேஷனின் அக்கா விஜயலக்ஷ்மிக்கு அது பிடிக்கவில்லை. நம் வீட்டு மாட்டுப்பெண் பஸ்ஸில் இடிபட்டுக்கொண்டு போவதா என்று அவள் ஆரம்பிக்கும்போதெல்லாம் சேஷன், கலந்து பேசலாம் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான். அந்த மாதம் அவன் நிறையக் குளித்தான்.

'நான் போகிறேன்' என்ற இரண்டே வார்த்தை வைதேஹியின் தொண்டை வரை வரும். அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். சொன்னால் என்ன ஆகிவிடும் என்று ராத்திரி படுத்தபடி யோசிப்பாள். ஒன்றும் ஆகாது. அது தெரிந்தும் பயமாக இருந்ததுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கடைசியில் பக்கத்து வீட்டு அருக்காணியோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டாள். அருக்காணி கோயமுத்தூர்க்காரி. எதற்கும் பயப்படாதவள். ஆனால் ஹிந்தி வராது. மாடியில் இருந்த மிஸஸ் சோப்ரா பால்கனியைக் கழுவிவிடும் தண்ணீர், தினமும் அருக்காணி காயப்போட்ட துணியின் மேல் விழுந்தது. வைதேஹி மிஸஸ் சோப்ராவிடம் ஹிந்தியில் பேச வேண்டும். பதிலுக்கு அருக்காணி, வேலை விஷயமாக நாத்தனாரிடம் தமிழில் பேசுவாள்.

"உங்க நாத்தனாரை எங்கிட்ட உட்டுருங்க மாமி. அந்தச் சோப்ராவை நீங்க பாத்துக்கோங்க" என்றாள் அருக்காணி.

வைதேஹி மூன்று முறை மாடிப்படி வரை போய்த் திரும்பி வந்தாள். மிஸஸ் சோப்ரா கெட்டவள் இல்லை, தையல் மெஷினை இரவல் தருகிறவள் என்று தனக்குத் தானே காரணம் சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை விஜயலக்ஷ்மி அவளைக் கூடத்தில் நிறுத்திவிட்டாள். போகப் போகிறாயா, இல்லையா, இப்போதே தெரிந்தாக வேண்டும். சேஷன் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான். அவன் ஏற்கெனவே குளித்திருந்தான்.

அதே நேரத்தில் வெளியே தண்ணீர் கொட்டும் சத்தமும், தொடர்ந்து அருக்காணியின் குரலும் கேட்டன. மாடியைப் பார்த்து அவள் தமிழில் கத்த, மிஸஸ் சோப்ரா பஞ்சாபி கலந்த ஹிந்தியில் பதில் கத்திக்கொண்டே இறங்கி வந்தாள். ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் வைதேஹியின் ஞாபகம் வந்தது. சேர்ந்து வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

ஆறடி உயர மிஸஸ் சோப்ரா கையை வைதேஹி பக்கம் நீட்டி, இவளையே கேளுங்கள், இவளுக்கு எல்லாம் தெரியும் என்று ஹிந்தியில் முழங்கினாள். பக்கத்தில் அருக்காணி ஈரப் புடவையும் கையுமாக நின்றாள். விஜயலக்ஷ்மியைப் பார்த்ததும் அவளுக்குத் தன் பங்குக் கடமை ஞாபகம் வந்துவிட்டது.

"அதோட இன்னொண்ணுங்க. மாமியை வேலைக்கு அனுப்போணும். சொல்லிப்புட்டேன்."

தற்செயலாக அதே நேரத்தில் மிஸஸ் சோப்ராவும் தலையை வேகமாக ஆட்டினாள்.

விஜயலக்ஷ்மி ஓரடி பின்வாங்கினாள். "என்னடி சொல்றா அந்தப் பஞ்சாபி?"

கட்டுரையில் ஒரு கமாவைக்கூடத் தானாக மாற்றாதவள் வைதேஹி. "பால்கனி கழுவற தண்ணியைப் பத்திச் சொல்றா, அக்கா" என்றாள்.

"எங்கிட்டயே மறைக்கறயா? உன் வேலைக்காக ஊரையே திரட்டிண்டு வந்திருக்கே. நாளைக்கு டில்லி பூரா, சேஷுவோட அக்கா ஒரு ராட்சசின்னு சொல்லிண்டு திரிவா. போய்ட்டு வாடியம்மா. இவாளை முதல்ல உள்ளே கூப்பிடு."

உண்மையை ஒரு முறை சொல்லியாகிவிட்டது. இரண்டாம் முறை சொல்லும்படி யாரும் கேட்கவில்லை. வைதேஹி அடுக்களைக்குப் போய்க் காப்பி கலந்தாள். ஒரே டம்ளரில் இரண்டு முறை சர்க்கரை போட்டாள். சந்தோஷமா குற்ற உணர்ச்சியா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

சேஷன் பேப்பரை மடித்தான். "நானும் இதைத்தான் சொல்லலாம்னு இருந்தேன், அக்கா."

காப்பியை வாங்கிக்கொண்ட அருக்காணி மிஸஸ் சோப்ரா பக்கம் கண்ணைக் காட்டினாள். அவள் பங்கு முடிந்துவிட்டது. இனி வைதேஹியின் முறை. யாருடைய உயரத்தைப் பார்த்து நாத்தனார் மிரண்டாளோ, அவளையே இப்போது எதிர்த்துப் பேசியாக வேண்டும். வைதேஹி கண்ணை மூடிக்கொண்டு ஹிந்தியில் சொன்னாள்: துணி காயப்போடுவதற்கு முன்பே, ஏழு மணிக்குள் பால்கனியைக் கழுவிவிடுங்கள்.

"அச்சா" என்றாள் மிஸஸ் சோப்ரா. "முன்னாலேயே சொல்வதற்கென்ன?" என்று கேட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் காப்பி கேட்டாள்.

இவ்வளவுதானா? இதற்கா மூன்று முறை படி வரை போய்த் திரும்பினோம்? வைதேஹிக்குச் சுருக்கென்றது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நாளைக்கு நான் வேலையில சேரப் போறேன்."

விஜயலக்ஷ்மி எரிச்சலோடு நிமிர்ந்தாள். "அதான் போன்னு சொல்லியாச்சே. அப்புறம் என்ன?"

"இல்லே, நானே சொல்லணும்னு தோணித்து" என்றாள் வைதேஹி.