மாரியம்மனுக்கு வந்த பார்சல்

எங்க எஸ்டேட் லைன்ல அதிகமா பார்சல் வர்றது யாருக்குன்னா, மாரியம்மனுக்குத்தான். நெசமாத்தான் சொல்றேன். ஈப்போ, கோலாலம்பூர்னு போயிட்ட எங்க சனங்க, ஆடி பொறந்தா போதும், போன்லயே அம்மனுக்குச் சேலை வாங்கி, பேரு ‘மாரியம்மன்’னு போட்டு கோயில் விலாசத்துக்குத் தட்டி விட்டுடுதுங்க. தானா ராத்தா டவுன்ல இருந்து பார்சல் கொண்டு வர்ற நஸ்ருல் வாய் சும்மா இருக்காது. “திலகாக்கா, அம்மன் வந்து சைன் போடுமா, நீங்க போடுறீங்களா?”ம்பான். என் வீட்டுக்காரர் புவனேஸ்வரன் கோயில் தலைவர். சாவி எங்க வீட்டுல. அதனால சைன் போடுற அம்மன் நான்தான்.

இந்த ஆடியில எனக்கு ஒரு நேர்த்திக்கடன் இருந்துச்சு. என் மக தனுஜாவுக்கு ரெண்டு தடவ வயித்துல தங்கல. மூணாவது உண்டானப்ப, “புள்ள நல்லபடியா பொறந்தா லைனுக்கே கஞ்சி ஊத்துறேன் தாயே”ன்னு அழுது வேண்டிக்கிட்டேன். தங்கமா ஒரு பேத்தி பொறந்துட்டா. அவளத் தூக்கிக்கிட்டு தனுஜாவும் வந்துட்டா. ஞாயித்துக்கெழம விடிஞ்சதும் அண்டாவக் கழுவி வச்சுட்டு பைப்பைத் தொறக்குறேன், புஸ்ஸுன்னு காத்துதான் வருது. ஒரு சொட்டு தண்ணி இல்ல. லைன் முழுக்க இல்ல.

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்!

“கடையில பாட்டில் தண்ணி வாங்கிக்கலாம்மா”ன்னா தனுஜா.

“வாய மூடுடி. அம்மன் கஞ்சிய பிளாஸ்டிக் பாட்டில்ல இருந்து ஊத்தவா நேர்ந்துக்கிட்டேன்? மேல காய்கறித் தோட்டம் போடுறவனுங்கதான் ஓடைய மறிச்சிருப்பானுங்க. இன்னைக்கு ஒருத்தனயும் விட மாட்டேன்!”

பாராங்கத்திய எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டேன். பூசாரி ஆண்டியப்பன் பின்னாலயே ஓடி வந்தாரு. என் வீட்டுக்காரர் மட்டும் செருப்பத் தேடுறேன், தொப்பியத் தேடுறேன்னு இழுத்தடிச்சாரு. அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்.

தேயிலைக்கு மேல ஏறிப் போனா, ஓடையில எங்க பைப் தொடங்குற எடம். பைப் வாயில ஒரு கம்பி வலை இருக்கும். வலையே கண்ணுக்குத் தெரியல. முந்தின ராத்திரி பெஞ்ச மழையில என்னமோ அடிச்சிட்டு வந்து அப்பிக் கெடக்கு. சேப்பு, பச்சை, மஞ்சள். கையப் போட்டு இழுத்தேன், சேலை. இன்னும் இழுத்தேன், இன்னொரு சேலை. ஒண்ணோட ஒண்ணு முறுக்கிக்கிட்டு வந்துக்கிட்டே இருக்கு. சிலதுக்கு பிளாஸ்டிக் கவரக்கூடப் பிரிக்கல. நடுவுல மயில் பார்டர் வச்ச அரக்குச் சேலை. அது போன ஆடியில நானே அம்மனுக்கு வாங்கிச் சாத்துனது.

திரும்பி என் வீட்டுக்காரரப் பாத்தேன். மனுசன் மரத்துல குருவி பாத்துக்கிட்டு நிக்கிறாரு.

“ஏன்யா, இது உங்க வேலையா?”

“அம்மன் சேலையக் குப்பைத் தோங்ல கொண்டு போயிக் கொட்டச் சொல்றியா? பாவம் லா! அதான் ஓடுற தண்ணியில விடணும்னு மேல பாலத்துல இருந்து விட்டேன்.”

“ஒண்ணு ரெண்டு விடலாம். இத்தனையையுமா?”

“மூட்ட மூட்டையா வந்து எறங்குதே, நான் என்ன பண்றது? கோயில் ஸ்டோர்ல நிக்க எடமில்ல. அதுல சைன் போட்டு வாங்கி வச்சது யாரு?”

முன்னெல்லாம் லைனே சேந்து ஒரு பருத்திச் சேலை எடுப்போம். தண்ணியில விட்டா மக்கிப் போயிரும். இந்த மயில் பார்டரு? ஒரு வருசம் ஓடையில ஊறியும் சாயம் போகல, நூலு பிரியல. “சாயம் போகாது, கிழியாது”ன்னு போன் வீடியோவுல ஒருத்தி கத்திக் கத்தி வித்தா. படுபாவி, உண்மையத்தான் சொல்லியிருக்கா.

கடைசிச் சேலைய உருவுனதும் வலைக்குள்ள மடமடன்னு தண்ணி எறங்குச்சு. “வருதும்மா!”ன்னு கீழ லைன்ல இருந்து தனுஜா கத்துனா. நான் அந்தச் சேத்துலயே நின்னு கண்ணக் கசக்கிக்கிட்டு சிரிச்சேன்.

கஞ்சி கொதிக்கிறதுக்குள்ள மயில் பார்டரச் சோப்புப் போட்டு அலசி தேயிலைச் செடி மேல விரிச்சேன். கொஞ்ச நேரத்துல காஞ்சிருச்சு. அதைக் கொண்டு போயி பூசாரிகிட்ட நீட்டுனேன்.

“சாத்துன சேலைய மறுபடி சாத்தக்கூடாது தாயி.”

“ஒரு வருசமா ஓடையில குளிச்ச சேலை சாமி. நீங்க கட்டியிருக்கிற வேட்டி அத்தனை சுத்தமா?”

ஆண்டியப்பன் வேட்டியக் குனிஞ்சு பாத்துட்டு, சேலைய வாங்கி அம்மனுக்குக் கட்டிவிட்டாரு. அம்மன் அம்சமாத்தான் இருந்தா. அலசிப் போட்ட இன்னொரு சேலையில தனுஜா தொட்டில் கட்டுனா. பேத்தி வாயத் தொறந்துக்கிட்டுத் தூங்குனா. லைன் சனம் மொத்தமும் சொம்போட உக்காந்து கஞ்சி குடிச்சதப் பாத்ததும் என் வயிறு நெறைஞ்சு போச்சு.

அப்பத்தான் நஸ்ருல் மோட்டார் சைக்கிள் வந்து நின்னுச்சு. நெஞ்சு ஒசரத்துக்கு பார்சல். “அம்மனுக்குத்தான் அக்கா, எல்லாமே.”

“திருப்பிக் கொண்டு போ.” நான் இந்த வருசத்துக்கு வாங்கிப் பிரிக்காம வச்சிருந்த சேலையையும் வீட்டுக்குள்ள போயி எடுத்தாந்து அது மேல வச்சேன். மனசு கொஞ்சம் இழுத்துச்சு, ஊதா கலரு.

நஸ்ருல் போனத் தொட்டுத் தொட்டுப் பாத்தான். “காரணம் போடணும் அக்கா. கலர் பிடிக்கலையா, கிழிஞ்சிருக்கா, மாத்தி அனுப்பிட்டாங்களா?”

“‘சேலை இருக்கு, போதும்’னு போடு.”

மேலயும் கீழயும் தேடுனான். “அப்படி ஒரு காரணமே இதுல இல்லக்கா.”

“இல்லாட்டி என்ன, நீ எழுது லா. அம்மனுக்குப் பதிலா நான் சைன் போடுறேன்.”