மிக்சிக்குப் போகாத கறி

ஐஸ்பெட்டியின் மூடியில் சைமன் ஒட்டியிருந்த சீட்டில் ‘பர்னபாஸ் அத்தானுக்கு’ என்று எழுதியிருந்தது. சைமன் என் கூடப்பிறந்த தம்பி. மலையூரான தவுங்ஜியிலிருந்து பஸ்ஸில் அவன் ஏற்றிவிட்ட பெட்டி, பசுந்தாங் பேட்டையில் எங்கள் ஆறாவது மாடியிலிருந்து தெருவுக்குத் தொங்கும் கயிற்றில் ஆடி ஆடி மேலே வந்தது. இழுத்தவள் நான்தான். உள்ளே ஏழு துண்டு மான்கறி. எலும்பில்லாமல், கட்டைவிரல் கனத்தில், பெரிய ஓட்டல்களில் ஸ்டேக்குக்கு வெட்டுவதுபோலச் சீராக வெட்டியிருந்தான். போனில் அவன் என் கணவர் பர்னபாஸிடம் பேசியதும் என் காதில் விழுந்தது. “அக்காவுக்குச் சாறு மட்டும் குடுங்க அத்தான், பாவம்.” காது கேட்காதவளிடம் பேசுவதுபோல எல்லாரும் என்னைப் பற்றி என் எதிரிலேயே பேசுகிறார்கள். போனதென்னவோ வாய்தான்.

பத்து மாதத்துக்கு முன்னால் என் வலது கன்னத்தை அறுத்து எடுத்தார்கள். தாடை எலும்பில் ஒரு துண்டும் கூடவே போயிற்று. நெஞ்சுத் தோலை எடுத்துக் கன்னத்தில் வைத்துத் தைத்திருக்கிறார்கள். ஸ்ட்ராண்ட் ரோட்டில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் இருபத்தெட்டு வருஷம் டைப் அடித்தேன். அத்தனை வருஷமும் கன்னத்தில் வெற்றிலை அடக்கிக்கொண்டுதான் அடித்தேன். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள், சுட்டது. அதற்காக நான் யாரையும் நோகவில்லை. அப்புறம் முப்பது நாள் கதிர் வைத்தார்கள். எச்சில் வற்றிப்போனது. ருசி போனது, உப்பு கொஞ்சம் தெரியும், மற்றதெல்லாம் ஈரக் காகிதம். பேச்சு குழறும். கோயிலில் பாதர்கூட என்னிடம் சுகம் கேட்டுவிட்டு, பதிலுக்கு என் கணவர் முகத்தைப் பார்ப்பார்.

ஆஸ்பத்திரியில் ஒரு பர்மிய ஸயாமா, அதாவது பயிற்சி சொல்லித்தரும் அம்மா, ஐஸ்குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்து வாயைத் திறக்கப் பழக்கினாள். முதலில் ஆறு குச்சிதான் நுழைந்தது. நன்றாக வெந்ததை இடது பக்கமாக மென்று பழகலாம் என்றும் அவள்தான் சொன்னாள். மூன்றாம் மாதம் அவித்த உருளைக்கிழங்கு ஒரு துண்டு புரையேறி மூச்சு நின்றுவிட்டது. பர்னபாஸ் முதுகில் குத்திக் குத்தி வெளியே வரவழைத்தார். அன்றைக்குப் பிடித்தது சனி. சோறு, பருப்பு, மீன், முட்டை, வாழைப்பழம் எதுவானாலும் மிக்சிக்குள் போகும், வெளியே வரும்போது ஒரே நிறமாக வரும். அவரே அரைப்பார், அவரே வடிகட்டுவார், அவரே டம்ளரை நீட்டுவார். எனக்கு அதைப் பார்த்தாலே குமட்டும். பாதி குடிப்பேன், மீதியை அவர் அந்தப் பக்கம் திரும்பும்போது தொட்டியில் கொட்டுவேன். ஐம்பத்திநாலு கிலோ முப்பத்தெட்டுக்கு வந்தது இப்படித்தான்.

போன புதன்கிழமை டாக்டர், எடை இப்படியே போனால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்துவிடலாம் என்றார். திங்கட்கிழமைக்கு நாள் குறித்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். வியாழக்கிழமை மருந்துச் சீட்டைத் தேடி ஃபைலைப் புரட்டினால், குழாய் வைக்கச் சம்மதம் என்கிற தாளின் நகல் இருந்தது. கீழே பர்னபாஸின் அழகான கையெழுத்து. துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர், எழுத்து முத்துமுத்தாக இருக்கும்.

“என் வயித்துக்கு நீங்க கையெழுத்துப் போட்டீங்களா?” என்றேன்.

“டாக்டர் கேட்டாரு. நீ எக்ஸ்ரே ரூமுக்குள்ள இருந்தே.”

“வெளிய வந்தப்புறம் கேட்டிருக்கலாமே.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கேட்டா நீ வேணாம்னு சொல்லுவே, செசிலி.”

“ஆமா. சொல்லுவேன்.”

அன்றைக்குச் சாயங்காலம்தான் சைமனின் பெட்டி வந்தது. அந்தச் சீட்டைக் கிழிக்கும்போதே முடிவு செய்துவிட்டேன். திங்கட்கிழமைக்குள் இந்த மனுஷர் கண் முன்னால் நான் கறி தின்ன வேண்டும். அரைத்ததில்லை, பிசைந்ததில்லை, கறி, கறியாகவே. தின்றுவிட்டால் டாக்டரிடம் நானே என் குழறல் பேச்சில் வேண்டாம் என்பேன், அவர் கையெழுத்து ஃபைலுக்குள் கிடக்கட்டும். முடியாவிட்டால் பேசாமல் போய்க் குழாய்க்குப் படுத்துக்கொள்வேன். ருசிக்கு ஆசைப்பட்டேன் என்று நினைக்கவேண்டாம். ருசிதான் இல்லையே. மெல்ல ஆசைப்பட்டேன். பல் படவேண்டும், ஏதாவது ஒன்று என் பல்லுக்குக் கொஞ்சம் எதிர்த்து நின்று பிறகு விட்டுக்கொடுக்கவேண்டும்.

முதல் நாள் புத்தி ஸ்டேக் என்ற பேருக்குப் பின்னால் போயிற்று. இரண்டு துண்டை எடுத்து, சட்டி புகைய வைத்து, இரண்டு பக்கமும் வறுத்தேன். செருப்புத் தோல் தோற்றுப்போகும். முப்பத்திரண்டு பல்லும் உள்ள பர்னபாஸே பாதித் துண்டை மென்றுவிட்டு, தாடையைத் தடவிக்கொண்டு, நல்லாத்தான் இருக்கு என்றார். மறுநாள் நம் ஆட்கள் எல்லாரும் செய்கிற தப்பைச் செய்தேன். கறி வேகவில்லையா, விசிலைக் கூட்டு. குக்கரில் இரண்டு துண்டை எட்டு விசில் விட்டேன். திறந்து பார்த்தால் தேங்காய் நார். இழை இழையாகப் பிரிந்து, பொட்டு ஈரமில்லாமல் கிடந்தது. எச்சில் ஊறாத வாயில் அதைப் போட்டால் அங்கேயே தங்கிவிடும். “பாத்தியா, இது உனக்கு ஆகாது” என்று அவர் சந்தோஷமாக மிக்சியைக் கழுவினார். பழுப்பு நிறத்தில் ஒரு டம்ளர் வந்தது. குடித்தேன். மூன்று துண்டு மிச்சமிருந்தது.

அந்த மூன்றையும் முன்னால் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். கொழுப்பு என்று ஒரு வெள்ளைக் கோடுகூடக் கிடையாது. ஓடியே வளர்ந்த உடம்பு. இதை அதட்டினால் இறுகும். கெஞ்சினாலும் காரியம் ஆகாது. பக்கத்தில் உட்கார்ந்து பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தயிரில் இஞ்சி பூண்டு தட்டிப் போட்டு ஊறவைத்தேன். மிளகாய் என் வாய்க்கு இப்போது நெருப்பு, அதனால் மிளகாயும் இல்லை, மிளகும் இல்லை. லான்மடாவ் சந்தைக்குப் போய்ப் பன்றிக்கொழுப்பு வாங்கிவர பர்னபாஸிடம் சொன்னேன். “எதுக்கு?” என்றார். “கறிக்குப் போர்த்த” என்றேன். சிரிக்கிறேனா கோபமா என்று என் முகத்தைப் பார்த்தார். தைத்த கன்னத்தில் ஒன்றும் தெரியாது, அது ஒரு வசதி.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு பால்கனியில் மண்ணடுப்பைப் பற்றவைத்தேன். கனமான சட்டியின் அடியில் கொழுப்பைப் பரப்பி, அதன்மேல் வெங்காயம், அதன்மேல் மூன்று துண்டு, அதற்குப் போர்த்தக் கொஞ்சம் கொழுப்பு, பிரிஞ்சி இலை, பட்டை. கறி மூழ்குகிற அளவுக்குக்கூடத் தண்ணீர் வைக்கவில்லை. மூடியைக் கவிழ்த்துப் போட்டு அதில் தண்ணீர் ஊற்றினேன். நாலே நாலு கரி, அதன்மேல் சாம்பலை அள்ளிப் போட்டு மூடினேன். சட்டிக்குள் கொதிக்கக்கூடாது. எப்போதாவது ஒரு குமிழி வந்தால் போதும்.

எங்கள் தெருவுக்குக் காலை ஐந்து மணிக்கு மீ வரும், ஒன்பது மணிக்குப் போய்விடும். கரண்டை இங்கே மீ என்றுதான் சொல்லுவோம். மறுபடி சாயங்காலம் ஐந்துக்குத்தான் வரும். அதனால் பர்னபாஸ் எனக்கு மத்தியானம் வரைக்கும் வேண்டியதை ஒன்பதுக்குள் அரைத்து ஃபிளாஸ்க்கில் ஊற்றிவிடுவார். அந்தக் கணக்கு எனக்கும் தெரியும். கறி ஒன்பதுக்கு முன்னால் வெந்தால் மிக்சிக்குப் போகும். ஆகவே வேகக்கூடாது.

எட்டரைக்கு வந்து மூடியைத் தூக்கினார். முள்கரண்டியால் குத்தினார். இறங்கவில்லை.

“இன்னும் கல்லாட்டம் இருக்கே. தீயக் கொஞ்சம் கூட்டவா?” விசிறியைத் தேடினார். விசிறிமேல்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

“தொடாதீங்க.”

“சின்னச் சின்னதா வெட்டிட்டா அரைபட்டுரும் செசிலி. மணி எட்டே முக்கால் ஆயிருச்சு.”

நான் எழுந்து அடுப்புக்கு முன்னால் நின்றேன். கையில் இடுக்கி இருந்தது. அதால் அடித்துவிடுவேன் என்று அவர் நினைத்திருக்கமாட்டார், நானும் நினைக்கவில்லை, ஆனாலும் கீழே வைக்கவில்லை. மிக்சி ஜாரைக் கையில் பிடித்தபடி அவர் சமையலறை வாசலில் நின்றார். முப்பது வருஷம் ஒரே பாயில் படுத்தவர்கள், ஒரு சட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்பது அடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போதே மின்விசிறி சோர்ந்து நின்றது. ஃபிரிட்ஜ் அடங்கியது. கீழே போன் கடைக்காரன் ஜெனரேட்டரை இழுத்து இழுத்துக் கிளப்பினான். நான் சிரித்தேன். இந்த ஊரில் மீ போனதற்குச் சிரித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஜாரை வைத்துவிட்டு அவர் அலமாரியடியில் குனிந்து தேடினார்.

“கல்லுரல் எங்க?”

“நாலாவது மாடி புஷ்பாகிட்ட.”

“எப்ப குடுத்தே?”

“நேத்து.”

அவர் மெதுவாக நிமிர்ந்தார். ஆறு மாடி ஏறி இறங்குகிற மனுஷருக்கு இரண்டு மாடி இறங்கி உரலை வாங்கிவர எவ்வளவு நேரமாகும்? போகவில்லை. பால்கனிக்கு வந்து, எனக்கு எதிரில், தரையில் உட்கார்ந்துகொண்டார். ரொம்ப நேரம் சாம்பலையே பார்த்தார்.

“அன்னைக்கு உருளைக்கிழங்கு அடைச்சப்ப உன் மூஞ்சி நீலமாயிருச்சு” என்றார். “நான் பாத்தேன். நீ பாக்கல.”

எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. அந்த நீலத்தைத்தான் இந்த மனுஷர் ஏழு மாதமாக மூன்று வேளையும் அரைத்து வடிகட்டிக்கொண்டிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. கையை நீட்டி அவர் முழங்காலைத் தொட்டேன். ஆனால் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. வார்த்தை வார்த்தையாக, குழறாமல் வரும்வரை நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

“மூச்சு அடைச்சது எனக்கு. பயம் உங்களுக்கு. உங்க பயத்துக்கு நான் ஏன் கஞ்சி குடிக்கணும்?”

அவர் மூடியில் தண்ணீர் வற்றியிருந்ததைப் பார்த்து, எழுந்துபோய்ச் செம்பில் கொண்டுவந்து ஊற்றினார். பத்து மணிக்கு ஒரு கரி. பதினொன்றுக்கு இன்னொரு கரி. அதை அவர்தான் வைத்தார், நான் காட்டிய இடத்தில். வாசனை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. எதிர்வீட்டுப் பால்கனியில் துணி காயப்போட்ட பெண் இரண்டு தரம் இந்தப் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சியதை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

பன்னிரண்டரைக்கு மூடியைத் திறந்தேன். கரண்டியின் விளிம்பை ஒரு துண்டின்மேல் வைத்தேன், அழுத்தவில்லை. அதன் பாரத்துக்கே உள்ளே இறங்கியது. நார் பிரியவில்லை, உதிரவில்லை. வெங்காயம் கரைந்து, கொழுப்பு கரைந்து, தளதளவென்று சாறு சுற்றி நின்றது. முழுத் துண்டாக என் தட்டில் எடுத்து வைத்தேன். அவருக்கு ஒன்று வைத்தேன். அவர் தொடவில்லை. ஒரு கையில் தண்ணீர் டம்ளர், இன்னொரு கையில் முள்கரண்டி, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

“கொஞ்சம் நசுக்கித் தரட்டுமா?”

தலையசைத்து மறுத்தேன். சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெட்டி, சாற்றில் புரட்டி, இடது பக்கம் வைத்தேன். முதலில் ஒன்றுமே நடக்கவில்லை. நாக்குக்கு அதை எங்கே தள்ளுவது என்று மறந்துபோயிருந்தது. பிறகு பல் இறங்கியது. அது கொஞ்சம் நின்றது. பிறகு விட்டது. இன்னொரு தரம். இன்னொரு தரம். காதுக்குக் கீழே வலி ஏறியது, அதுவும் நல்ல வலியாகத்தான் இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருபது, முப்பது தரம் மென்றிருப்பேன். தலையைத் தாழ்த்தி, ஸயாமா சொன்னபடி மூச்சைப் பிடித்து, விழுங்கினேன். போய்விட்டது. பர்னபாஸின் தொண்டையும் கூடவே ஏறி இறங்கியதைப் பார்த்தேன்.

அடுத்ததை இன்னும் பெரிதாக வெட்டினேன்.

“செசிலி, போதும்மா.”

மென்றேன். விழுங்கும்போது ஒரு இழை மட்டும் பின்வாங்கி நின்றது. இருமல் வந்தது. நாற்காலி பின்னால் சரிந்து விழுகிற சத்தம் கேட்டது. அவர் மேஜையைச் சுற்றி ஓடிவந்து முதுகுக்குப் பக்கத்தில் கையை ஓங்கிவிட்டார். நான் இடது கையை நீட்டி, உள்ளங்கையை அவர் மார்பில் ஊன்றித் தடுத்தேன். இருமினேன். மறுபடி இருமினேன். இழை வாய்க்கே திரும்பி வந்தது. துப்பச் சொல்லித் தட்டை நீட்டினார். வாயை மூடிக்கொண்டேன். ஓங்கிய கை அப்படியே நிற்க, அவருடைய நெஞ்சு என் உள்ளங்கைக்குள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. என் கையை அங்கிருந்து எடுக்காமல், அவர் கண்ணையே பார்த்தபடி, அந்த இழையை மறுபடியும் மெல்ல ஆரம்பித்தேன்.