பலெர்மோவில் கடல் பார்க்காத சனிக்கிழமை

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு மின்னஞ்சல். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதுவரை, ஜெர்மனியில் எங்கள் வுப்பர்டால் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு மலருக்குப் பயணக் கட்டுரை கேட்டார்கள், நான் எங்கும் போகாததால் கதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் உண்மைதான்.

இன்னொன்று. நான் எழுதும் எதையும் முதலில் படிப்பவர் அம்மா. சனிக்கிழமைகளில் அந்தப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை. வேலைக்குப் போகும்போது ஒரு பகுதியைக் குசினி மேசையில் வைத்துவிட்டுப் போவேன். மாலையில் அது சிவப்பு மையோடு கிடக்கும். அடைப்புக்குறிக்குள் இருப்பவை அவர் எழுதியவை. எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். எடுத்தால் கதை மெலிந்துவிடுகிறது.

கதாநாயகியின் பெயர் சாரங்கா. சாரங்கா நான் அல்ல.

(அப்ப ஆர்?)

2

தொடக்கம், முதல் முயற்சி: "மத்தியதரைக் கடல் தன் நீலக் கைகளை விரித்து அவளை…"

இல்லை. கடலுக்குக் கை இருப்பதற்கு ஆதாரம் இல்லை.

இரண்டாம் முயற்சி. சாரங்காவுக்கு இருபத்தேழு வயது. வுப்பர்டாலில் குடிநீர் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை. ஒரு சனிக்கிழமை, காலை ஒன்பதரைக்கு, தாய் ஜெயமலரோடு இத்தாலியின் பலெர்மோ நகரில் வந்து இறங்குகிறாள். மாலை ஆறு மணிக்குத் திரும்பும் விமானம். இடையில் கடற்கரையில் ஓரிடத்தில் அம்மாவை உட்கார வைத்து, ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து, ஒரு வசனம் சொல்ல வேண்டும்: "அம்மா, எனக்கு இங்க வேலை கிடைச்சிருக்கு."

அவ்வளவுதான். ஆனால் அப்பா இறந்த பிறகு அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஒருவர் போனால் எத்தனை பேர் மிச்சம் என்பதற்கு அறிவியல் பட்டம் தேவையில்லை.

விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் சாரங்கா கேட்கிறாள்.

"அம்மா, அந்தப் பையில என்ன?"

"ஒண்டுமில்லை. இராஜேஸ்வரி அக்காவுக்குக் கொஞ்சம் தூள்."

"ஆர் இராஜேஸ்வரி அக்கா?"

"அப்பாவின்ர சித்தப்பாவின்ர மருமேள். இங்கதான் இருவது வருசமா இருக்கினம். ஊர் தேடி வந்திட்டு எட்டிப் பாக்காமப் போனா என்ன நினைப்பினம்?"

"நாங்கள் கடல் பாக்கவெல்லோ வந்தனாங்கள்?"

"ஓம். ஒரு தேத்தண்ணி. உடன வெளிக்கிட்டிடுவம்."

கொஞ்சம் தூள் என்பது மூன்று கிலோ மிளகாய்த்தூள். அதைச் சோதித்த ஜெர்மன் அதிகாரி நான்கு முறை தும்மியதை இடம் போதாமல் வெட்டிவிட்டேன்.

(தும்மலை வெட்டாதை. இராஜேஸ்வரியின்ர கதை சரி, அவ உண்மையிலயும் அங்கதான் இருக்கிறா. போய்ப் பாக்கத்தான் வேணும்.)

3

ஜெர்மனியிலிருந்து எங்கள் ஆட்கள் பாரிசுக்குப் போனால் பாரிசைப் பார்ப்பதில்லை. பாரிசில் இருக்கும் மாமியைப் பார்க்கிறார்கள். நான் லண்டனுக்கு ஐந்து தடவை போயிருக்கிறேன். எனக்கு ஐந்து வரவேற்பறைகள் தெரியும். எனவே இராஜேஸ்வரியின் வீட்டுக்குள் இவர்கள் நுழைந்த கணத்திலேயே கதை என் கையை விட்டுப் போய்விட்டது.

பதினொரு மணிக்குத் தேத்தண்ணி. பன்னிரண்டுக்கு வடை. ஒரு மணிக்குச் சோறும் ஆறு மரக்கறியும்.

(கடற்கரை ஊரில சனிக்கிழமை மரக்கறி எண்டா ஆரும் நம்ப மாட்டினம். மீன் வை.)

சோறும் மீன்குழம்பும். சமைத்தது நேரத்துக்கு என்றாலும் சாப்பிட்டு முடிந்தது மூன்றுக்கு.

நான்காம் மாடி. கடல் தெரிவது குளியலறை ஜன்னலில் மட்டும். அதுவும் தொட்டியின் விளிம்பில் ஏறி நின்றால். சாரங்கா மூன்று தடவை போய்விட்டாள்.

"பிள்ளைக்கு வயித்தில ஏதும் பிரச்சினையோ?" என்றார் இராஜேஸ்வரி.

"இல்லை அன்ரி. கடல்…"

"கடலோ? அது எங்க ஓடப்போகுது? ஆறமுந்திச் சாப்பிடு. அது சரி, உனக்கு என்ன வேலை?"

"தண்ணி சோதிக்கிறது."

"பாத்தியே! என்ர மனுசன் சேகரன் துப்புரவு வேலை செய்யிற இடத்திலயும் கடல்தண்ணி சோதிக்கிறவை. புதுசா ஆரோ ஜெர்மனியில இருக்கிற தமிழ்ப் பிள்ளையை எடுத்திருக்கினமாம். பேர் கூடச் சொன்னவர். என்ன பேர்… சா…"

"அன்ரி, சோறு!" என்றாள் சாரங்கா.

"ஐயோ, கேட்டு வாங்கிற பிள்ளையைப் பாத்து எவ்வளவு காலம்! ஜெயமலர், நல்லா வளத்திருக்கிறாய்."

மூன்றாவது கோப்பைச் சோறு. பெயர் நினைவுக்கு வரும் போலிருக்கும்போதெல்லாம் சாரங்கா சோறு கேட்டாள். ஜெயமலர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இவர்களை வெளியே எடுக்க நான் செய்யாத முயற்சியில்லை. மின்சாரத்தை நிறுத்தினேன், இராஜேஸ்வரி மெழுகுதிரி ஏற்றினார். ஒரு சிறிய நிலநடுக்கம்கூட…

(நிலநடுக்கம் வேண்டாம். அதுகள் பாவம். சாரங்கா ஏன் இப்பிடிச் சாப்பிடுறாள்? அவளுக்கு எது சொல்லப் பயம்?)

4

முடிவுகள். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

(அ) நாலே காலுக்குத் தப்பி ஓடிக் கடற்கரை சேர்கிறார்கள். சாரங்கா சொல்கிறாள். ஜெயமலர் அழுகிறார். ஐஸ்கிரீம் உருகுகிறது. எல்லாமே உருகுவதால் எனக்கு நம்பிக்கையில்லை.

(ஆ) வாசலில் செருப்புப் போடும்போது இராஜேஸ்வரிக்குப் பெயர் நினைவு வருகிறது.

(இ) சாரங்கா சொல்லவில்லை. விமானம் எழும்போது ஜன்னலில் முழுக் கடலும் தெரிகிறது. ஜெயமலர் நித்திரை.

சிக்கல் ஜெயமலர்தான். மகள் சொன்னால் அவர் என்ன செய்வார்? அவரை எழுதியவள் நான். காலையில் எதைச் சாப்பிடுவார், எந்தப் பக்கம் சரிந்து படுப்பார் என்பதுவரை தெரியும். இது மட்டும் தெரியவில்லை.

(பக்கத்தில் ஒரு திருத்தமும் இல்லை. ஒரு தேத்தண்ணி வட்டம் மட்டும்.)

மேலே உள்ள அடைப்புக்குறி மட்டும் என்னுடையது.

5

மின்னஞ்சல் பலெர்மோவிலிருந்து வந்தது. கடல்நீர் ஆய்வுக்கூடம் ஒன்று, மூன்று வருட வேலை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும். இன்று புதன். அம்மாவிடம் ஒரு வசனம் பேச ஏலாமல், அதைச் சுற்றி இவ்வளவு எழுதியிருக்கிறேன். முடிவை வாசகரிடம் விடுவது வழக்கமாம். என் முதல் வாசகர் யார் என்று உங்களுக்குத் தெரியும்.

இந்தப் பக்கத்தை மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்று ஒரே தண்ணீரை மூன்று தடவை சோதித்தேன். மூன்று தடவையும் குடிக்க உகந்தது.

மாலையில் அம்மா குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. பக்கம் மேசையில் இருந்தது.

(இப்பிடி ஒரு பிளேன் இல்லை. காலமை போய்ப் பின்னேரம் வர ஏலாது. சனி போனா செவ்வாய்தான். போன கிழமையே தேடிப் பாத்தனான்.)

போன வாரம் நான் இரண்டாம் பகுதியைக்கூட எழுதியிருக்கவில்லை. மின்னஞ்சல் மட்டும்தான் வந்திருந்தது.

அதன் கீழே, மை கொஞ்சம் பரவி:

(முடிவைச் சாரங்கா வாயால சொல்லட்டும். எழுதிக் காட்டினதுக்குப் பத்துக்கு ஆறு.)

"அம்மா," என்றேன்.

"ம்."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். நான் வாயைத் திறந்தேன். பிறகு நடந்ததை ஆண்டு மலருக்குத் தருவதாக இல்லை; நீங்கள் அ, ஆ, இ மூன்றில் எதையும் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தின் பின்புறம் இருந்த கடைசிக் குறிப்பை மட்டும் தருகிறேன்:

(இராஜேஸ்வரிக்குச் சொல்லிப்போடாதை. தெரிஞ்சா நாங்கள் கடல் பாத்தமாதிரித்தான்.)