அவர் சொன்ன பேர்

நாகேஸ்வரி இறந்துபோன கணவரின் தலையில் எண்ணெயும் அரப்பும் வைத்துக்கொண்டிருந்தபோது, கட்சிக் கிளையின் தலைவரும் வழக்கறிஞருமான பிரக்கிராசியார் அருளம்பலம் பெண்களை விலக்கிக்கொண்டு வந்து அவள் காதருகே குனிந்தார்.

"அக்கா, ஒருக்கா உள்ளுக்கு வாங்கோ. அவசரம்."

கையில் அரப்போடே எழுந்து போனாள். பதினான்கு வருடம் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த சோமசேகரத்தார் கோப்பாய் வீட்டு முற்றத்தில், பந்தலின் கீழ் கிடந்தார். ஒழுங்கை முழுக்கக் கார்களும் சைக்கிள்களும். பறை ஓயவில்லை.

சாமி அறைக் கதவைச் சாத்திவிட்டு அருளம்பலம் குரலைத் தாழ்த்தினார்.

"கொழும்பிலையிருந்து தலைமை ஆக்கள் வந்திருக்கினம். சுடலையிலை இரங்கல் கூட்டம் நடக்கும். இடைத்தேர்தலுக்கு ஆர் எண்டதை அங்கையே சொல்லிப்போட்டால் பேந்து ஒருத்தரும் வாய் திறக்கேலாது. ஐயா கடைசியாய் ஏதும் சொன்னவரோ?"

அவள் பதிலுக்குக் காத்திராமல் அவரே தொடர்ந்தார்.

"சிலர் ஐயாவோடை திரிஞ்ச சீவரத்தினத்தின்ரை பேரைக் கதைக்கினம். நல்ல பொடியன்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் தொண்டைமானாற்றுக் கரை ஆள், கடல்தொழில் சாதி. எங்கடை தோட்டக்காரச் சனம் அவனுக்கு வோட்டுப் போடுமோ? உங்கடை மகன் எண்டால் தேப்பன்ரை பேருக்கே விழும்."

சொன்னவர்தான். மூன்று நாளைக்கு முன், ஒரு பின்னேரம். நெஞ்சு நோவோடு கட்டிலில் சாய்ந்திருந்தவர் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "என்ரை இடத்துக்குச் சீவரத்தினத்தை விடச் சொல்லு. எங்கடை தேவன் வேண்டாம். அவனுக்குச் சனத்தோடை நிக்கத் தெரியாது." அவள் தலையாட்டிவிட்டுத் திரும்பியபோது, கதவு நிலையில் சீவரத்தினம் மருந்துக் குப்பியோடு நின்றான். அப்போதுதான் வந்தானா, முன்பே வந்து நின்றானா, அவளுக்குத் தெரியவில்லை. அவன் முகத்தில் எதுவும் இல்லை.

அறுபத்தொன்றில் அரசாங்கக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் இருந்த நாளில் ஐயாவின் தலைக்கு வந்த பொலிஸ் பொல்லடியைத் தன் தோளில் வாங்கியவன் அவன். இடது கை இன்றும் காதுக்கு மேலே எழும்பாது. எந்த வீட்டுக் கிணறு வற்றியது, எந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்கவில்லை என்பதெல்லாம் ஐயாவைவிட அவனுக்குத்தான் தெரியும்.

நாகேஸ்வரி யன்னலால் பார்த்தாள். மகன் தேவராசா கிணற்றடியில் ஈர வேட்டியோடு நின்றான். கொழும்பில் எஞ்சினியர். அடுத்த மாதம் லண்டன் போகக் கப்பல் ரிக்கற் எடுத்திருந்தான். மூத்தவள் கலியாணம் செய்து மலாயாவுக்குப் போய் ஒன்பது வருடம். தகப்பன் செத்ததற்கு அவளிடமிருந்து தந்திதான் வந்தது. இவனும் போனால் இந்த வீட்டில் தானும் சுவரும்தான்.

"தேவன்ரை பேரைத்தான் சொன்னவர்," என்றாள்.

"அது போதும், அக்கா."

அருளம்பலம் தேவராசாவை உள்ளே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அவன் தாயைத்தான் பார்த்தான்.

"அப்பாவோ? என்னையோ சொன்னவர்?"

"ஓம்."

"உண்மையாயோ அம்மா?"

முதல்நாள் விடியற்காலை தகப்பனின் கண்ணை மூடியபோதுகூட அழாதவனின் வாய் கோணியது. அவன் கொண்டுவந்த ஒரு பரிசைக்கூட அவர் நின்று பார்த்ததில்லை. ஒரு மேடைக்கும் அவனைக் கூட்டிக்கொண்டு போனதில்லை. அவன் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"நான் நிக்கிறன் அம்மா. லண்டன் வேண்டாம். அப்பா அப்பிடிச் சொல்லியிருந்தால் நான் நிக்கிறன்."

அவள் அவன் முதுகைத் தடவினாள். அரப்பு கோடு கோடாக ஒட்டியது. சொன்னதை இனித் திருப்பி எடுக்க முடியாது என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

வெயில் தாழ எடுத்தார்கள். சீவரத்தினம் வலது தோளைக் கொடுத்துப் பாடையைத் தூக்கினான். பெண்கள் வாசல் படலையோடு நின்றுவிட்டார்கள்.

சுடலையால் திரும்பி வந்தபோது அருளம்பலத்தின் முகம் தெளிந்திருந்தது.

"எல்லாம் நல்லபடியாய் முடிஞ்சுது, அக்கா. நான் ஐயாவின்ரை விருப்பத்தைச் சொன்னன். கொஞ்சப்பேர் முணுமுணுத்தவைதான். ஆனால் சீவரத்தினமே எழும்பித் தேவன்ரை பேரை முன்மொழிஞ்சுபோட்டான். பேந்தென்ன?"

அவள் பந்தல் பக்கம் திரும்பினாள்.

சீவரத்தினம் குளித்துவிட்டுப் பந்தலில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அயல்வீட்டிலிருந்து வந்த தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு அவனிடம் போனாள்.

"சீவரத்தினம்."

"என்னக்கா?"

"அண்டைக்கு... நீ மருந்து கொண்டந்த நேரம்..."

கையிலிருந்த கதிரையை வைத்துவிட்டு அவன் காத்திருந்தான். உள்ளே தேவராசா யாரிடமோ, "அப்பா கடைசியாய் என்னைத்தான் சொன்னவராம்," என்பது கேட்டது. இருவருக்கும் கேட்டது.

"பந்தல் எட்டாம் நாள் சடங்கு முடியுமட்டும் நிக்கட்டும், அக்கா," என்றான் சீவரத்தினம். "பந்தல்காரனுக்குச் சொல்லிப்போட்டன்."

தேத்தண்ணியைக் குடித்தான். பேணியைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தான். வேலியில் சாத்தியிருந்த சைக்கிளை எடுத்தான்.

செத்தவீட்டில் போயிட்டு வாறன் என்று சொல்லிக்கொண்டு போகிற வழக்கம் இல்லை. அன்றைக்கு வந்த எல்லாரும் சொல்லாமல்தான் போனார்கள். அவனும் அப்படியே படலையைக் கடந்து, தொண்டைமானாற்றுப் பக்கம் சைக்கிளை மிதித்தான். நாகேஸ்வரி படலையைச் சாத்தாமல் நின்றாள்.