ஷட்டரில் தொங்கிய குடித்தனம்

புதுக் கடை திறக்க வந்த சலூன்காரரை வாசலில் வரவேற்றவர்கள் எட்டாயிரம் பேருக்குக் குறையாது. ஒருத்தருக்கும் முடிவெட்ட வேண்டியதில்லை. ஷட்டர் பூட்டை மறைத்துக்கொண்டு, தலையணை அளவுக்குக் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தன தேனீக்கள்.

சாவியோடு அவர் அப்படியே நின்றுவிட்டார். இருபத்திரண்டு வருடம் மச்சானின் சலூனில் உழைத்தவர். மனைவியின் அண்ணன் கடை என்பதால் தன் கடை மாதிரிதான் பார்த்துக்கொண்டார். போன மாதம் ஏதோ வாய்த்தகராறில், வந்தவர்கள் முன்னால் மச்சான் கேட்டுவிட்டார்: “நாற்காலி என்னுது, கண்ணாடி என்னுது. இங்க உனக்குன்னு என்ன இருக்கு?” சவரக்கத்திப் பையை எடுத்துக்கொண்டு அன்றைக்கே வெளியேறினார். ஒண்ணாம் தேதி தன் சொந்தக் கடை திறக்கும் என்று தெரு முழுக்கத் தம்பட்டம் வேறு அடித்தாகிவிட்டது. இன்றுதான் ஒண்ணாம் தேதி. திறக்காவிட்டால் மச்சான் சொன்னது சரியென்று ஆகிவிடும்.

பக்கத்துக் கடை டெய்லர் போன் போட்டுச் சொல்ல, தேனீ வளர்க்கும் அம்மா ஒருவர் மரப்பெட்டியோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அதற்குள் தெருவே கூடிவிட்டது. வேலைவெட்டி இருப்பவர்கள்கூட நின்றார்கள். ஆளுக்கொரு கேள்வி.

“கொட்டுமாம்மா?”

“சீண்டாம இருந்தா கொட்டாது. கூடு இருந்தாத்தானே காவல் காக்கணும்? இதுங்களுக்கு இப்ப வீடே இல்லை.”

“கொட்டினா அதுவே செத்துருமாமே?”

“ஆமா. கொடுக்கு நம்ம தோல்ல மாட்டிக்கும். பிச்சுக்கிட்டுப் போறப்ப குடலும் சேர்ந்து வந்துரும்.”

“ஏன் கூட்டை விட்டு வந்துச்சுங்க? புது ராணி துரத்திருச்சா?” என்றார் டெய்லர்.

“துரத்தலை. கூட்டுல நெருக்கடி ஆயிட்டா பழைய ராணிதான் பாதிக் கூட்டத்தோட கிளம்பும். கூடு, சேர்த்து வச்ச தேன் எல்லாம் மகளுக்கு. வயித்துல நிரப்பிக்கிட்ட தேன் மட்டும்தான் இதுங்களுக்குக் கைமுதல்.”

சலூன்காரர் கையிலிருந்த சவரக்கத்திப் பையைப் பார்த்துக்கொண்டார். தேனீக்கள் மேல் இருந்த கோபத்தில் பாதி இறங்கிவிட்டது. மீதியை எதற்கும் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டார்.

அந்த அம்மா பெட்டியைக் கொத்துக்குக் கீழே பிடித்து, மெல்லிய பிரஷால் அலுங்காமல் தள்ளினார். பெட்டிக்குள் பொத்தென்று விழுந்தது கூட்டம். பெட்டியை ஷட்டர் ஓரமாக வைத்தார்.

“இனிமே கடை திறக்கலாமா?”

“சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கோங்க. வீடு தேடிப் போனதுங்க இங்கதான் திரும்பி வரும், பெட்டியைக் காணோம்னா தவிச்சுப்போயிரும். ஷட்டரைத் தூக்கினா அந்தச் சத்தத்துலயே எல்லாம் கிளம்பிரும். இருட்டறதுக்குள்ள வந்து எடுத்துட்டுப் போயிடறேன்.”

வேறு வழி? டெய்லர் கொடுத்த நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தன் கடை வாசலில் தேனீப் பெட்டிக்குக் காவல் உட்கார்ந்தார். போகிற வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள், அவரும் சொன்னார். மூன்று மணிக்கெல்லாம் பிறந்ததிலிருந்தே தேனீ வளர்த்தவர் மாதிரி பேச்சு வந்துவிட்டது. முடிவெட்ட மட்டும் ஒருத்தரும் வரவில்லை.

வெயில் தாழும்போது மச்சான் வந்தார். வேடிக்கை பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று சலூன்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“கடை பூட்டித்தான் கிடக்கு. பார்த்தாச்சுல்ல, கிளம்புங்க.”

மச்சான் கிளம்பவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டே நின்றார். அப்போதுதான் சலூன்காரர் கவனித்தார்: சலூன் முதலாளி முகத்தில் ஒரு மாதத் தாடி.

“என்ன இது கோலம்?”

“இருபத்திரண்டு வருஷம் உன்கிட்டயே கொடுத்துப் பழகியாச்சு மாப்ள. வேற யார் கத்திக்கும் கழுத்தை நீட்ட மனசு வரலை.”

சலூன்காரர் எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டார். டெய்லர் வெட்டாத வெள்ளைத் துணி ஒன்றும் ஒரு செம்பு தண்ணீரும் கொண்டுவந்தார். நடுத்தெருவில் நுரை பூசும்போது, வீடு தேடிவிட்டுத் திரும்பிய தேனீ ஒன்று மச்சானின் காதில் வந்து உட்கார்ந்தது.

“மாப்ள, கொட்டுமா?” என்றார் மச்சான், உதடு அசையாமல்.

“கொட்டாது மச்சான். நீங்களும் சும்மா இருங்க.”

அது கொஞ்ச நேரம் நடந்துவிட்டுப் பெட்டிக்குள் போய்விட்டது. ஒரு கன்னம் முடிந்தது.

“நாற்காலி டெய்லரோடது,” என்றார் மச்சான், கண்ணை மூடியபடியே. “கண்ணாடியும் இல்லை.”

“ஆமா மச்சான்.”

“இருந்தும் இங்கதானே வரவேண்டியிருக்கு.”

சலூன்காரரின் கை நின்றது. கண் கலங்கினால் கத்தி பிடிக்க முடியாது. முழங்கையால் துடைத்துக்கொண்டார்.

“தாடையைத் தூக்குங்க,” என்றார். மச்சான் கழுத்தை நீட்டினார்.